எலியின் கடிகாரமும் எங்கள் அம்மாமாரின் நித்திரையும்



விஞ்ஞானப் பிரிவில் ஒன்றாகப் படித்த எங்களைப் பேசச் சொன்னபோது, எலியைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். எல்லாரும் சிரித்தீர்கள். ஆனால் இது எங்கள் அம்மாமாரின் நித்திரையோடு சம்பந்தப்பட்ட விடயம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் வயற் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். இலங்கை வயல்களிலும் உள்ள இனம்தான். தம்பலகாமத்தில் வரம்பு வழியே நடந்தவர்கள் கண்டிருக்கக்கூடும். பகலில் வளைக்குள் கிடந்து இரவில் இரை தேடும். முழு இருட்டறையில், சுழலும் சில்லுள்ள கூட்டில் விட்டாலும், ஏறக்குறைய 24 மணிக்கு ஒருதரம் அது ஓடத் தொடங்குகிறது. ஏறக்குறையத்தான், நாளுக்கு நாள் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகைத் திருத்துவது வெளிச்சம்.

முன்னிரவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால், அடுத்த நாள்களில் எலி பிந்தி ஓடத் தொடங்கும். அதே வெளிச்சத்தைப் பின்னிரவில் காட்டினால் முந்தித் தொடங்கும். அதற்குப் பகலான வேளையில் காட்டினால் பெரிய மாற்றமில்லை. ஆக, எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டுமல்ல, எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். இந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பக்கத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பார்வைக்குரிய கலங்கள் பழுதான எலிகளிலும் வெளிச்சம் அதைத் திருத்துகிறது. விழித்திரையில் அதற்கென்றே வேறு கலங்கள் உண்டு.

நாம் பகலில் உலாவுகிறவர்கள். ஆனாலும் எங்கள் கடிகாரமும் இதே பக்கமாகத்தான் நகர்கிறது.

இப்போது அம்மாமாரிடம் வருவோம். லண்டனில் இருக்கும் தோழி வேலையால் வந்து அழைத்தால் திருகோணமலையில் இரவு 11 மணி. ரொறன்ரோத் தோழி சமையல் முடித்து அழைத்தால் இங்கே விடிய 5 மணி. இரண்டு பிள்ளைகளுக்காகவும் அம்மா எழும்பி லைற்றைப் போடுகிறார். ஒரு மகள் அவருடைய கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள, மற்றவள் முன்னுக்கு இழுக்கிறாள்! கைத்தொலைபேசித் திரையைவிட அறை விளக்குத்தான் இதில் பெரிய குற்றவாளி. உட்துறைமுக வீதிப் பக்கம் இருப்பவர்கள் துறைமுக வெளிச்சத்தைக் குறை சொல்வார்கள். அதற்குத் தடித்த திரைச்சீலை ஒன்று போதும்.

அப்படியென்றால் அழைக்காமல் விடுவதா? மதுரையில் செய்த இன்னொரு பரிசோதனையைச் சொல்லவேண்டும். 1985இல் என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும் அதை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இரவுபகல் மாற்றம் எதுவும் தெரியாத இடத்தில் எலிக்குஞ்சுகளை வைத்து, தாயை 12 மணி நேரம் உடன் விட்டு, 12 மணி நேரம் பிரித்தார்கள். குஞ்சுகளின் கடிகாரம் தாயின் வரவுக்கும் போக்குக்கும் இசைந்துவிட்டது. தாய் கூட இருந்த நேரம் அவற்றுக்குப் பகல்; தாய் இல்லாத நேரம் இரவு. வெளிச்சம் செய்கிற வேலையைத் தாய் செய்திருக்கிறாள். இதை முதலில் வாசித்தபோது விடுதியில் இருந்து படித்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கள் வகுப்பினர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு பின்னேரம் 5 மணிக்கு அம்மாமாரோடு எல்லாரும் ஒன்றாகப் பேசுவது. லண்டனில் அப்போது மத்தியானத்தை அண்டும், மெல்பேர்ணில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். ரொறன்ரோத் தோழிதான் ஞாயிறும் விடிய எழும்பவேண்டுமா என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள்.