கடை வாசலில் தயங்கிய சிறுமி

(திருப்பதியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று ஒரு கதையைப் பற்றிப் பேசுகிறோம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா எழுதிய 'பாடம்' என்ற சிறுகதை. 1972-இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது.

சில்வியா நியூயார்க்கில் ஏழைக் கறுப்பினத் தெருவில் வளரும் சிறுமி. அதே தெருவில் வாழும் படித்த அம்மா ஒருவர் பிள்ளைகளைப் பணக்காரர் வீதியிலுள்ள பொம்மைக் கடைக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஒரு பொம்மைப் படகின் விலை 1,195 டாலர்! ஒரு கோமாளிப் பொம்மை 35 டாலர். அந்த 35 டாலர் இருந்தால் வாடகை கட்டலாம், வீட்டோடு போய்த் தாத்தாவைப் பார்த்து வரலாம் என்று சில்வியா கணக்குப் போடுகிறாள்.

ஆனால் கதையின் உயிர் கடை வாசலில் இருக்கிறது. சில்வியா வாயாடி, யாருக்கும் அஞ்சாதவள். அவளுக்கே உள்ளே நுழையக் கால் வரவில்லை. வெட்கம்! யாரும் தடுக்கவில்லை. ஏன் வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு? அதே 1972-இல் பம்பாய் தலித் இளைஞர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கும் முன்பே, 1963-இல், மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் ஒரு கதை எழுதினார். தாராவியை ஒட்டிய மாதுங்கா லேபர் கேம்பில் வளர்ந்தவர் அவர். சூரத்துக்கு ரயில்வே வேலைக்குப் போகும் இளைஞன், சாதியை மறைத்துக் குடியிருக்கிறான். உண்மை தெரிந்ததும் அடி விழுகிறது. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது தூரத்துக் கதையா?

திருப்பதி லாட்ஜுகளில் தரை துடைப்பவர்கள், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் கூலிக்கு நிற்பவர்கள் நம் குடும்பத்தார். "அப்பாவுக்கு என்ன வேலை? எந்தத் தெரு?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நம் பிள்ளை மழுப்புகிறது. வாடகைக்கு வீடு கிடைக்காதே என்று பெரியவர்களே மழுப்பச் சொல்லித் தருவதும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வெட்கம் நம்முடையதல்ல. கூலியைக் குறைப்பவனும் சாதி கேட்டுக் கதவைச் சாத்துபவனும் வெட்கப்படட்டும்!

ஆகவே பிள்ளைகளே, கடைவீதிக்குப் போங்கள். ஒரு பொருளின் விலையைப் பாருங்கள். அது அம்மாவுக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்கிடுங்கள். அதையே உங்கள் கதையாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். தமிழ் எழுத வராதவர்கள் தெலுங்கில் எழுதுங்கள். பெயர் போட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அச்சில் கொண்டுவருவது சங்கத்தின் பொறுப்பு.