யாத்திரிகர் கண்ட தலங்கள்



பயண இலக்கியம் என்றதும் அது மேனாட்டார் வழியாக நமக்கு வந்த புதுவகை என்று சொல்வோர் உண்டு. அதனை முழுவதுமாக ஏற்பதற்கில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். தான் நடந்த வழியையும் அவ்வழியில் கண்ட ஊரையும் மலையையும் மனிதரையும், எதிரே வருபவனுக்கு எடுத்துச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. தேவாரத்திலோ வேறொரு முறையையும் காண்கிறோம். திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிய திருஞானசம்பந்தர் கடல் கடந்து இங்கு வந்தவரல்லர். இராமேச்சரத்தில் நின்றே பாடினார் என்கிறார் சேக்கிழார். பக்திக்குத் தூரம் ஒரு தடையன்று. ஆனால், கால் நோவ நடந்து வந்து, கண்ணால் கண்டு எழுதிய அந்நியர்கள் நமக்குத் தருவது வேறொன்று. அத்தகைய இருவரைப் பற்றியும், கொழும்பில் வாழும் நமக்கு அருகிலுள்ள களனியைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

முதலாமவர் சீனத் துறவி பாகியன். பௌத்த விநய நூல்களைத் தேடி கி.பி. 399இல் சாங்கான் நகரிலிருந்து சில தோழர்களோடு புறப்பட்டவர். பாலைவனமும் பனிமலையும் கடந்து பாரதத்தில் திரிந்து, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தபோது அவருடன் தோழர் எவரும் இருக்கவில்லை. சிலர் வழியில் இறந்தனர், சிலர் பிரிந்தனர். அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையின் முன்னே நிற்கிறார். அங்கே யாரோ ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி ஒன்று அவர் கண்ணிற் படுகிறது. அது சீனத்து விசிறி. துறவியின் கண்கள் நீரால் நிறைகின்றன. சிலையின் ஒளியையும் உயரத்தையும் எழுதியவர், தமது கண்ணீரையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த விசிறியை நாள்தோறும் பார்த்தவர்களுக்கு அது ஒரு விசிறி மட்டுமே. ஊர் விட்டு வந்தவனுக்குத்தான் அது ஊராகத் தெரிந்தது.

இரண்டாமவர் மொறொக்கோ நாட்டு இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டில் புத்தளம் கரையில் இறங்கியவர், யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அம்மன்னர் பாரசீக மொழி அறிந்தவர் என்றும், தமக்கு முன்னே முத்துக்களைப் பரப்பி வைத்திருந்தார் என்றும் எழுதுகிறார். வேண்டியதைக் கேள் என்ற மன்னரிடம் இவர் கேட்டது ஒன்றே: ஆதம் நபியின் பாதம் பதிந்த மலையைத் தரிசிக்க வேண்டும். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பிவைத்தார். எண்ணிப் பாருங்கள். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு, ஒரு சைவ மன்னர், பௌத்தர் புத்தபாதம் என்று வணங்கும் மலைக்கு வழித்துணை அனுப்புகிறார். நாம் சிவனொளிபாதம் என்பதும் அதே மலையைத்தான். இந்நாட்டவர் தம்மை வீட்டில் தங்கவைத்து உணவளித்ததையும் அவர் வியந்து பதிந்திருக்கிறார்.

அந்தப் பயணத்திலேயே அவர் தெவிநுவரவுக்கும் சென்றார். அங்கிருந்த பெருங்கோயிலையும், ஆளளவான பொற்சிலையையும், இரவுதோறும் பாடி ஆடிய பெண்களையும் வருணித்தார். 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலைத் தரைமட்டமாக்கினர். அதன் சிறப்பைக் கண்ணாற் கண்டு சொல்லும் அரிய சாட்சிகளில் ஒருவர், அத்தெய்வத்தை வணங்காத அந்த யாத்திரிகர்.

இனி, களனிக்கு வருவோம். களனி விகாரையும் அதே பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை அடுத்த நூற்றாண்டில் இடித்தவர்களும் அவர்களே. நமக்குத் தெரிந்த துயரம் அயலவருக்கும் உண்டு என்பதற்கு இது சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் அங்கு சென்றிருந்தேன். சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களின் முன்னே நின்றோம். இரு நாக அரசர்கள் ஒரு மணியாசனத்துக்காகப் போர் புரிய, புத்தர் இடைநின்று சமாதானம் செய்த கதையை அவர்களுக்குச் சொன்னேன். "சேர், இது மணிமேகலையிலே வருகிற கதையல்லவா?" என்றான் ஒரு மாணவன். ஆம், அதுவேதான். மணிபல்லவத்துப் பீடிகையின் வரலாறாகச் சாத்தனார் சொன்னதை, நாகதீபத்தில் நிகழ்ந்ததாக மகாவம்சம் சொல்கிறது. போரில் உதவ வந்த களனி நாகவரசன் மணிஅக்கிகனின் அழைப்பை ஏற்றே புத்தர் பின்னர் களனிக்கு வந்தார் என்பதும், அங்கிருந்து சமனொளி மலைக்குச் சென்று பாதம் பதித்தார் என்பதும் அந்நூல் கூறும் மரபு. அந்தச் சமனொளியை வலம்வந்த சாரணரை மணிமேகலையும் அறியும். மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின் நயினாதீவையும் களனியையும் சிவனொளிபாதத்தையும் ஒரே கதை இணைக்கிறது.

அவ்வளாகத்திலேயே விபீஷணனுக்குத் தேவாலயம் உண்டு. கம்பன் கண்ட அதே விபீஷணன், அங்கே காவல் தெய்வம். பதினைந்தாம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர், கோட்டை அரசன் மகளுக்குப் பிள்ளைவரம் வேண்டி அத்தெய்வத்திடம் ஒரு மைனாவைத் தூது விட்டார். அதுவே செலலிஹினி சந்தேசய என்னும் சிங்களத் தூது காவியம். கோட்டை நகரில் தமிழிலே துதி பாடப்படும் ஈசன் கோயிலையும் அந்த மைனாவுக்கு அவர் காட்டுகிறார். பௌத்த தேரர் ஒருவரின் செவி தமிழ்த் துதியைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறது. அவருடைய காவியத்தை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வெள்ளவத்தையிலிருந்து களனிக்குப் போக ஒரு பகற்பொழுதும் வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்தோ களனி கங்கையைத் தாண்டினாற் போதும்.

நேயர்களே, இன்று நம் நாட்டில் ஒரு பழைய தலத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் எழும் கேள்வி, "இது யாருடையது?" என்பதே. கன்னியாவும் குருந்தூர்மலையும் நீதிமன்றம் வரை சென்ற பெயர்களாகிவிட்டன. உரிமைக்காக வழக்காட வேண்டிய இடத்தில் வழக்காடத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு மட்டும் ஒரு தலத்துக்குள் நுழைபவன் அங்கே வேறெதையும் காணமாட்டான். பாகியனும் இப்னு பதூதாவும் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். ஆகையால்தான் ஒருவர் ஒரு விசிறியைக் கண்டார். மற்றவர் ஒரு விருந்தோம்பலைக் கண்டார்.

தமிழ் கற்பிக்கும் நாம் மணிமேகலையின் பீடிகைக் கதையை நடத்தும்போது மகாவம்சக் கதையையும் அருகே வைத்துக் காட்டலாம். சிங்கள ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் மணிமேகலையைக் காட்டலாம். பிள்ளைகளை நயினாதீவுக்கு அழைத்துச் செல்பவர்கள் களனிக்கும் அழைத்துச் செல்லட்டும். களனிக்கு வருபவர்கள் திருக்கேதீச்சரத்துக்கும் வரட்டும். போய் வந்தபின் கண்டதைக் கண்டபடி, இரண்டு பக்கமேனும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.