எப்போது வேலையை நிறுத்துவது?



மும்பை வடாலாவில் தமிழ்ப் பெண்கள் பலர் உழைத்துப் பிழைக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை வந்ததும் ஒரு கேள்வி வரும். வேலையை எப்போது நிறுத்துவது? நிறுத்தினால் கூலி போகும். நிறுத்தாவிட்டால் உடம்பு கெடும்.

இது பழைய கேள்வி. 1928-ல் பம்பாய் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் இதைப் பற்றிப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டுக்கே நல்லது என்றார். 1929-ல் ஆலைப் பெண்களுக்குச் சட்டம் வந்தது.

இன்று ஆலையிலும், 10 பேருக்குக் குறையாத கடையிலும் பேறுகால விடுப்பு உண்டு. ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் கிடைக்கும். அதில் 8 வாரம் வரை பேறுக்கு முன்பே எடுக்கலாம்.

வீட்டு வேலை செய்பவருக்கு இந்த விடுப்பு இல்லை. அவர் பாரம் தூக்கக் கூடாது. நெடுநேரம் நிற்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கட்டும். முதல் பிள்ளைக்கு அரசு தரும் 5,000 ரூபாய் பற்றி அங்கன்வாடியில் கேட்கலாம்.

உதிரம் பட்டதா? தலை வலித்துக் கண் மங்குகிறதா? முகம் வீங்கியதா? பிள்ளையின் அசைவு குறைந்ததா? அந்த நிமிடமே வேலையை நிறுத்த வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்றைய கூலி போனால் போகட்டும். தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டும்.