வர்த்தமானியில் நெல் விளையாது

கனகராயன்குளத்தில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு



காலநிலை மாற்றத்தின் பெயரால் அரசாங்கமொன்று செய்த காரியத்தையும், அதனைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் உரிய காலத்தில் ஏன் தடுக்க முடியாமற் போயினர் என்பதையும் ஆராயவே நாம் இன்று கூடியிருக்கிறோம். 2021ஆம் ஆண்டின் காலபோகத்தை மறந்த கமக்காரன் இச்சபையில் ஒருவனும் இரான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். காலநிலை மாறவில்லை என்று வாதிடுவோரின் கட்சி எமது கட்சியன்று. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ணாற் கண்டவர்கள் நாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இந்நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவ்வூரின் பெயரைத் தாங்கிய கனகராயன் ஆற்றைப் பார்த்தே இரணைமடுவின் நீரைக் கணக்கிடும் மக்களுக்கு, மழை முன்போல் இல்லை என்பதை விஞ்ஞானி வந்து சொல்லவேண்டியதில்லை. ஆகவே எமது வழக்கு பசுமைக்கு எதிரான வழக்கன்று. பசுமையைக் கட்டளையாற் படைக்கலாம் என்று எண்ணிய ஆட்சிக்கு எதிரான வழக்கு.

நடந்தது யாது? 2019இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற கோத்தபாய ராஜபக்ச அவர்கள், பத்தாண்டுகளில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதாக வாக்களித்தார். பத்தாண்டு என்றதை நாம் குறை சொல்லவில்லை. நிலத்தின் குணமறிந்தவன் கேட்கும் அவகாசம் அதுதான். ஆனால் 2021 ஏப்ரலில், காலநிலை மாற்றத்துக்கு நிலைபேறான தீர்வுகளைக் கொண்ட பசுமை இலங்கை என்ற பெயரில் மந்திரிசபை ஒரு முடிவெடுத்தது. மே 6ஆந் தேதி அதிவிசேட வர்த்தமானி வெளியாயிற்று. இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது அன்றோடு நின்றது. பத்தாண்டு வேலை ஒரு காகிதத்தில் முடிந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் தேதி, கிளாஸ்கோ நகரில் உலக காலநிலை மாநாட்டையொட்டி நைதரசன் பற்றி நடந்த கூட்டத்தில் ஜனாதிபதி இக்கொள்கையைப் பெருமையோடு எடுத்துரைத்தார். அங்கே கைதட்டினார்கள், இங்கே பயிர் மஞ்சளித்துக்கொண்டிருந்தது. உள்ளூரிற் சொல்லப்பட்ட காரணம் சிறுநீரக நோய். சொல்லப்படாத காரணம், அந்நியச் செலாவணிப் பெட்டி காலியாகிவிட்டது என்பது. உலகம் வெளியிடும் நச்சுவாயுவில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் கணக்கைத்தான் ஆள்வோர் பார்க்கவில்லை. ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றில் இருபத்துமூன்று கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கு ஈடுசெய்ய ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து தருவதேயன்றி, பயிர் குடலை கட்டும் வேளையில் ஓடிவந்து உதவுவதன்று. நாட்டின் வயலுக்கெல்லாம் அத்தனை எரு எங்கேயிருந்தது? எந்த மாட்டுப்பட்டியில்? எந்த வண்டியில் ஏற்றி எந்த மாதத்தில் இறக்குவது? யூரியாவிலிருந்து கிளம்பும் நைதரசு ஒட்சைட்டு வாயு கரியமில வாயுவினும் இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும் என்பது உண்மையே. அதனைக் குறைக்கும் வழி, பயிர் கேட்கும் அளவை அது கேட்கும் நாளில் இடுவதும், சாணமும் வைக்கோலும் இலைகுழையும் ஆண்டுக்காண்டு மண்ணிற் சேர்வதுமாகும். பேராதனையின் விவசாயப் பேராசிரியர்கள் இதைத்தான் சொன்னார்கள். கேட்பாரில்லை.

விளைவு நாடறிந்தது. 2020-21 காலபோகத்தில் 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், அடுத்த காலபோகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கிற்று. தடையை நவம்பர் மாதத்திலேயே விலக்கிக்கொண்டார்கள். விதைத்த பயிர் அதற்காகக் காத்திருக்குமா? 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு என்றார்கள். அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு அரிசிக்காகக் கப்பலைப் பார்த்து நின்றது. தடை நீங்கிய பின்னரும் யூரியா மூடை கள்ளச்சந்தையில் 40,000 ரூபாவரை ஏறிற்று.

வன்னி மண்ணுக்கு உரத்தடை புதிதன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் வவுனியாவுக்கு வடக்கே கொண்டுவரக்கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களில் யூரியாவும் ஒன்று. அன்று சொன்ன காரணம் பாதுகாப்பு; 2021இற் சொன்ன காரணம் பசுமை. வயலில் நின்ற நெல்லுக்கு இரண்டும் ஒன்றே. அன்று எமது பட்டினியைத் தெற்கு அறியவில்லை. 2021இல் அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரனும் அம்பாறை முஸ்லிம் கமக்காரனும் வீதிக்கு வந்து நின்றபோது, கொழும்பின் கட்டளை எப்படிச் சுடும் என்பது நாடு முழுவதற்கும் விளங்கிற்று. இதில் எமக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அந்த அனுபவம் இருதரப்புக்கும் பொதுவாயிற்று என்பதை எமது பிரதிநிதிகள் இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம்.

பாராளுமன்றத்துக்கு வருவோம். 225 பேர் கொண்ட அச்சபையில் ஆளுங்கட்சிக்கு 145 ஆசனம். எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசாவின் கட்சிக்கு 54. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 10. எதிரணியினர் பேசினார்கள், கண்டித்தார்கள், எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னதே சரியென்று ஆறு மாதத்தில் நிரூபணமாயிற்று. ஆயினும் தடை முதலில் சபைக்கு வந்திருந்தாலன்றோ அதை அங்கே தடுக்கலாம்? 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் மந்திரி பிறப்பிக்கும் ஒழுங்குவிதி, வர்த்தமானியில் வெளியான கணமே உயிர் பெற்றுவிடும். சபையின் அங்கீகாரம் பின்னர்தான். வீடு எரிந்தபின் நெருப்பு மூட்டலாமா என்று வாக்கெடுப்பது போன்றது இது. இந்த விதியை மாற்றுங்கள் என்று விடாது கேட்பதுதான் எதிரணியின் முதற் கடமையாயிருந்தது. உரம் தா என்று கேட்ட குரல்கள் பல. இந்த அதிகாரத்தைத் தராதே என்று கேட்ட குரல்கள் சில.

எமது உறவினர் பலர் வாழும் அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே கரிவாயுவுக்கு விலை விதிக்கும் சட்டம் மசோதாவாகச் சபைக்கு வந்தது. 2011 ஒக்டோபரில் 74க்கு 72 என்ற இரண்டே வாக்கு வித்தியாசத்திற் கீழ்ச்சபையில் நிறைவேறிற்று. எதிர்க்கட்சி அதையே கொடியாகப் பிடித்து 2013 தேர்தலை வென்று, 2014 ஜூலையில் சட்டத்தை நீக்கியது. நீக்கியது நல்லதன்று என்பதே எமது கருத்து. ஆனால் கொண்டுவந்தவரும் நீக்கியவரும் சபையில் எழுந்து நின்று காரணம் சொன்னார்கள், கை தூக்கினார்கள், மக்கள் முன் கணக்குக் கொடுத்தார்கள். எமது நாட்டிலோ கொள்கை வந்தது காகிதத்தில், போனது அழிவில்.

உரத்தோடு இது முடிந்துவிட்டதா? அதே 2021இல் இலங்கை உலகுக்குக் கொடுத்த காலநிலை வாக்குறுதியில், 2030க்குள் நாட்டின் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவோம் என்பதும் ஒன்று. காடு வேண்டாமென்று வன்னியான் சொல்லமாட்டான். காட்டின் மடியில்தான் எமது குளங்கள் கிடக்கின்றன. ஆனால் அந்தக் காடு எங்கே வரப்போகிறது? போரில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் திரும்பி வந்து பார்த்தபோது பற்றைபிடித்துக் கிடந்த வயல், வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் அகப்பட்டிருந்த கதை இப்பகுதியில் எத்தனை பேருக்குண்டு! காட்டின் எல்லையும் வர்த்தமானியிலேதான் வருகிறது. தேயிலை மலையிலும் தென்னந் தோட்டத்திலும் வளராத காட்டை, உறுதி தொலைந்த ஏழையின் காணியில் வளர்த்துக் கணக்குக் காட்டுவது இலகு.

இங்கேயுள்ள ஒரு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு குளத்தின்கீழ் விதைப்பதற்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர் எத்தனை அடி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் தேதியில் வாய்க்கால் திறப்பது என்று நீர்ப்பாசன உத்தியோகத்தரும் கமக்காரரும் நேருக்கு நேர் பேசி முடிவெடுக்கின்றனர். வாதம் உண்டு, சண்டையும் உண்டு; முடிவு எழுதப்பட்டபின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறோம். ஒரு குளத்து நீருக்கு இத்தனை ஒழுங்கு வேண்டுமாயின், ஒரு நாட்டின் உரத்துக்கும் காணிக்கும் அது வேண்டாமா?

ஆகவே வன்னித் தேர்தல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரையும், எக்கட்சியினராயினும், அடுத்த காலபோகத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அழைப்போம். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். காணியையும் பயிரையும் தொடும் எந்தக் காலநிலைக் கட்டளையும் வர்த்தமானிக்குப் போகுமுன் வரைபடத்தோடும் கணக்கோடும் சபைக்கு வரவேண்டும் என்று பிரேரணை கொண்டுவருவீர்களா என்று அவர்களைக் கேட்போம். சொல்லும் பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதி, கையொப்பம் வாங்கி வைப்போம்.