மருந்துக்கு முன் குளத்தைப் பாருங்கள்



பத்து மாதம் தீனி போட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் விற்கும் அளவுக்கு வந்துவிட்டன. அடுத்த வாரம் வலை இழுக்கலாம் என்றிருக்கும்போது, ஒரு நாள் காலையில் கரையோரம் நாலைந்து மீன்கள் செத்து ஒதுங்குகின்றன. எடுத்துப் பார்த்தால் உடலில் சிவந்த புண், செதில் உதிர்ந்திருக்கிறது. உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதற்கு முன் குளத்தைப் பாருங்கள் என்று சொல்லவே இந்த உரை.

கிருமி எங்கே இருக்கிறது?

இத்தகைய புண்ணுக்கும், வயிறு நீர் கோத்து வீங்குவதற்கும் பெரும்பாலும் காரணம் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா. இது குளத்து நீரிலும் சேற்றிலும் எப்போதும் இருப்பதுதான். மீன் திடமாக இருந்தால் அதன் மேலுள்ள வழவழப்பும் செதிலும் கிருமியைத் தடுத்துவிடும். மீன் தளர்ந்தாலோ, தோலில் காயம் பட்டாலோ கிருமி உள்ளே புகுந்துவிடும்.

மீன் ஏன் தளர்கிறது? குஞ்சுகளை நெருக்கமாக விடுகிறோம். தின்றது போக மிஞ்சிய தீனி அடியில் அழுகுகிறது. பச்சைச் சாணத்தை ஒரே இடத்தில் கொட்டுகிறோம். இவை அழுகும்போது நீரிலுள்ள பிராண வாயு குறைந்து, அம்மோனியா பெருகுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால் அதுவே முதல் எச்சரிக்கை. அன்றைக்குத் தீனியையும் சாணத்தையும் நிறுத்தி, புதுநீர் பாய்ச்சுங்கள்.

நோய் கண்டால்

செத்த மீன்களை அன்றன்றே எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கரையில் எறிய வேண்டாம். கால்பங்கு நீரை மாற்றுங்கள். கார அமில நிலை 8.5க்குக் கீழ் இருந்தால், ஏக்கருக்கு 40 கிலோ சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஆறவைத்துக் காலையில் தெளியுங்கள். அதற்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு கூடாது; அம்மோனியாவின் நச்சு கூடிவிடும். கையில் காயம் உள்ளவர்கள் நோயுற்ற மீனைத் தொட வேண்டாம்.

புண் எல்லாம் பாக்டீரியாவால் வருவதல்ல. பூஞ்சையாலும் வரும், மீன் பேன் கடித்த இடத்திலும் வரும். காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக் மருந்தைக் குளத்தில் கொட்டினால் பணம் போவதுடன், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மீனின் உடலிலும் மருந்து தங்கும். குளோராம்பெனிகால் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. நோயுற்ற மீனை உயிருடன் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். அழுகிய மீனை வைத்து நோயைக் கண்டறிய முடியாது.

வருமுன் காக்க

ஏக்கருக்கு விரலளவுக் குஞ்சுகள் 4000க்கு மேல் வேண்டாம். விடுமுன் 10 லிட்டர் நீரில் 300 கிராம் உப்பைக் கரைத்து, இரண்டு நிமிடம் குளிப்பாட்டுங்கள். துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த குளத்து வலையை வாங்கினால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே இறக்குங்கள். அறுவடை முடிந்ததும் அடிச்சேற்றை வாரி வயலுக்கு இடுங்கள்; குளத்தை வெடிப்பு விடும்வரை காயப்போடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. தினமும் விடியலில் ஒருமுறை குளக்கரையைச் சுற்றி வாருங்கள்.