உலோகமும் உயிரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணிப்பொறிக் கணக்கு, பொறியியற் பொருள்கள், அறுவை மருத்துவம் ஆகிய மூன்று துறைகளிலும் அண்மைக் காலத்தில் நடந்துள்ள ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். மூன்றும் மூன்று பெருங்கடல்கள். அரை மணி நேரத்தில் மூன்றையும் நீந்திக் கடப்பது நம்மால் ஆகாது. ஆதலின், மூன்று துறைகளும் வந்து கூடும் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகின்றோம். அது ஒரு நாணயத்தின் அளவே உள்ள பொருள். பட்டறையிற் பிறந்து, மனிதனின் நெஞ்சுக்குள் குடியேறி, அங்கே இரவும் பகலும் ஓயாது உழைக்கும் பொருள். அதுவே செயற்கை இதய வால்வு. இதனைத் தடுக்கிதழ் என்று கலைச்சொல் வல்லார் அழகாக மொழிபெயர்த்துள்ளனர். எனினும் மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாய் 'வால்வு' என்றே சொல்கிறாள். நாமும் அவள் சொல்லையே கைக்கொள்வோம்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதி ஒரு திசையிற் செல்லத் திறந்தும், மீண்டு வராதபடி மூடியும் அவை காக்கின்றன. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல் அவை திறந்து மூடுகின்றன. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் முறை! நம் பீன்யாவில் இத்தனை முறை உழைத்தும் பழுதுபார்ப்புக்கு வராத எந்திரம் ஒன்றைக் காட்டுவார் உளரோ?

இவ்வால்வுகளைக் கெடுக்கும் நோய்களுள் நம் நாட்டில் ஏழை எளியவரைப் பெரிதும் வாட்டுவது வாதக் காய்ச்சலால் வரும் இதய நோய். அது எங்கே தொடங்குகிறது தெரியுமா? குழந்தையின் தொண்டைப் புண்ணில்! ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் தொண்டையைத் தாக்குகிறது. அதனை உரிய மருந்தால் ஒழிக்காவிடின், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வருகின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, தன் இதயத்தையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. மூட்டு வலி நீங்கிவிடும். வால்வில் விழுந்த வடு நீங்காது. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றனர். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் நெருங்கி வாழும் வீடுகளில் இது எளிதாகப் பரவும். வேலை தேடி ஊரைவிட்டு வந்த நம்மவர் பலரின் வாழ்க்கை அத்தகைய வீடுகளில்தானே தொடங்கியது!

கெட்டுப்போன வால்வை மாற்றுவது எப்படி? 1953இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் எந்திரத்தைக் கொண்டு முதன்முதல் வெற்றிகரமாக ஓர் இதய அறுவையைச் செய்தார். நின்ற இதயத்தைத் திறந்து வேலை செய்ய வழி பிறந்தது. 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் கூடி, கூண்டுக்குள் உருளும் பந்து ஒன்றை வால்வாக அமைத்து மனித இதயத்தில் பொருத்தி வெற்றி கண்டனர். எட்வர்ட்ஸ் மருத்துவம் கற்றவர் அல்லர். நீர்மங்களின் அழுத்தத்தையும் எக்கிகளையும் அறிந்தவர். மருத்துவர் நோயைச் சொன்னார். பொறியாளர் பொருளைச் செய்தார். பட்டறைத் தொழிலாளராகிய நமக்கு இக்கூட்டு மிகவும் உவப்பளிப்பது.

வால்வு வந்தது, ஆனால் அது அயல்நாட்டிலிருந்து வந்தது. விலையோ நம்மவர் கைக்கு எட்டாதது. இந்நிலையில், 1970களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் அவர்களின் தலைமையில் ஒரு குழு, நம் நாட்டிலேயே வால்வு செய்வதென்று துணிந்தது. அறுவை மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தனர். நம் பெங்களூரின் வானூர்தி ஆய்வகமும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. அவர்கள் எண்ணிய அமைப்பு எளியது. ஒரு வளையம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு, அத்தட்டு நழுவி விழாமல் தாங்கும் இரு சிறு கொம்புகள், வளையத்தைச் சுற்றி, இதயத்தோடு வைத்துத் தைப்பதற்கு ஒரு துணிப் பட்டை. காகிதத்தில் வரைந்தால் நம் பயிற்சிப் பையன் ஒரு மணி நேரத்தில் வரைந்து விடுவான்.

செய்து பார்த்தபோதோ, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வடிவங்கள் தோற்றன. இக்கதையைச் சற்று விரித்துச் சொல்ல அவையோர் பொறுத்தருள வேண்டும். என்னை, இது நம் தொழிலின் கதை.

முதல் வடிவத்தில் டைட்டானிய வளையத்தில் கொம்புகளைப் பற்றவைத்தனர். வெல்டிங் செய்த இடம் நொய்ந்து கொம்பு முறிந்தது. இரண்டாம் வடிவத்தில் தட்டினைச் செயற்கை நீலமணிக் கல்லால் செய்தனர். கல் தேயவில்லை; ஆனால் அது மோதிய டைட்டானியம் தேய்ந்தது. கடினமான பொருளோடு மென்மையான பொருளை உரசவிட்டால் எது தேயும் என்பதை இங்கே அமர்ந்துள்ள லேத் தொழிலாளர் நமக்குச் சொல்லித் தருவர். மூன்றாம் வடிவத்தில் வளையத்துக்கு ஹெய்ன்ஸ்-25 என்னும் கலப்புலோகத்தைக் கொண்டனர். கோபால்ட்டும் குரோமியமும் டங்ஸ்டனும் நிக்கலும் கலந்தது அது. ஜெட் எஞ்சின்களின் வெப்பம் மிகுந்த பாகங்களுக்குப் பயன்படுவது. வெட்ட வெட்ட இறுகி, வெட்டும் கருவியின் முனையை மழுக்கிவிடும் பிடிவாதக்கார உலோகம். தேய்மானச் சோதனையில் இவ்வடிவம் நன்றாகவே நின்றது. ஆட்டின் இதயத்தில் பொருத்தினர். ஆடு தேறி நடமாடியது. பிறகு ஒரு நாள் திடீரென்று இறந்தது. திறந்து பார்த்தபோது நீலமணித் தட்டு உடைந்திருந்தது.

பல்லாண்டு உழைப்பு அந்த ஒரு தட்டோடு உடைந்து போனதாகவே வேறு எவரும் எண்ணியிருப்பர். அக்குழுவினரோ, உடையாத தட்டைத் தேடினர். மிகவுயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலின் என்னும் நெகிழி அவர்களுக்குக் கை கொடுத்தது. இந்நெகிழிக்கும் ஒரு முன்கதை உண்டு. இங்கிலாந்தில் சார்ன்லி என்னும் எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளில் தேய்ந்து நோயாளிகளைத் துன்புறுத்தியது. 1962இல் அவர் இப்பாலிஎத்திலினுக்கு மாறினார். இடுப்புக்கு உழைத்த நெகிழி இதயத்துக்கும் உழைத்தது. மென்மையான தட்டு, கடினமான வளையம்; தேய்மானம் மிக மிகக் குறைவு. வளையமும் கொம்புகளும் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டன. பற்றவைப்பே கிடையாது.

பற்றவைப்பு வேண்டா என்ற முடிவின் அருமையை உணர, மேல்நாட்டில் நடந்த ஒன்றை நினைவூட்டுகின்றோம். பியர்க்-ஷைலி என்னும் புகழ்பெற்ற வால்வின் ஒரு வகை 1979 முதல் 1986 வரை விற்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் கொம்பு ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோரின் நெஞ்சுக்குள் அக்கொம்பு முறிந்தது; அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். வெல்டிங்கில் 'ஏதோ சிறு குறை, பெயின்ட் அடித்தால் தெரியாது' என்று சொல்லும் வழக்கம் எங்கும் உண்டு. இதயத்தில் பெயின்ட் அடிக்க இயலாது.

1990 டிசம்பர் 6ஆம் நாள் சித்திரை வால்வு முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதனைத் தொழில் முறையில் செய்து வழங்கும் பொறுப்பைச் சென்னை டி.டி.கே. குழுமத்தார் ஏற்றனர். நம் தாய்மார்கள் அடுக்களையில் நன்கறிந்த பிரெஸ்டிஜ் குக்கரின் குடும்பத்தாரே அவர்கள். வால்வு அவர்களுக்குப் புதிதன்று என்று நகைச்சுவையாகக் கூறலாம்! அன்று தொட்டு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. இறக்குமதி வால்வினும் அதன் விலை வெகு குறைவு. டைட்டானிய நைட்ரைடு பூசிய டைட்டானிய வளையத்தோடு புதிய வடிவம் ஒன்றும் ஆய்வுக்கு வந்துள்ளது. வலியத்தான் அவர்கள் 2024 ஜூலையில் மறைந்தார்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். ஒரு பொருளை எண்ணற்ற சிறு கூறுகளாகக் கற்பனையில் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிடும் முறை விமான இறக்கைகளுக்காக 1950களில் வளர்ந்தது. இன்று நம் பீன்யாவின் டிசைன் அறைகளிலும் அது நாள்தோறும் நடக்கிறது. குருதியின் ஓட்டத்தைக் கணக்கிடுவது அதனினும் கடினம்; ஏனெனில் குருதி வால்வைத் தள்ளுகிறது, வால்வு குருதியைத் திருப்புகிறது. 1972இல் சார்லஸ் பெஸ்கின் என்னும் கணித அறிஞர் இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார். இதய வால்வுக்காகவே பிறந்த அம்முறை இன்று வேறு பல துறைகளுக்கும் பரவியுள்ளது. இப்போதோ நோயாளியின் சி.டி. படத்திலிருந்தே அவருடைய இதயத்தின் உருவத்தைக் கணிப்பொறியில் எழுப்பி, குருதி எங்கே சுழலும், எங்கே தேங்கி உறையும் என்று அறுவைக்கு முன்பே ஆராய்கின்றனர்.

அங்ஙனமாயின் ஆடும் வேண்டா, சோதனை எந்திரமும் வேண்டா என்று சில இளைஞர் சொல்லக் கேட்கின்றோம். அதனை நாம் ஒப்பவில்லை. கணக்குக்குள் நாம் எதைப் புகுத்தினோமோ அதைத்தான் கணக்கு திருப்பித் தரும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உண்டென்று எவரும் எழுதாவிடின், கணிப்பொறி அதனைக் காணாது. உலகத் தரவிதிப்படி உலோக வால்வு ஒன்று 40 கோடி முறை திறந்து மூடிக் காட்ட வேண்டும். இதயத்தின் வேகத்தில் இது ஏறத்தாழ 11 ஆண்டு வேலை. நொடிக்கு 15 முறை இயக்கும் எந்திரத்தில் வைத்தாலும் பத்து மாதம் ஆகும். கணிப்பொறி இப்பத்து மாதத்தை நீக்குவதில்லை. எந்த வடிவத்தைப் பத்து மாதம் ஓட்டுவது தகும் என்று முன்கூட்டிச் சொல்கிறது. பத்து வடிவங்களுள் ஏழைத் திரையிலேயே ஒதுக்கிவிடலாம். அதுவே பெரும் பேறு. கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடுவதற்கும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் 2018இல் தனி நெறிமுறை வகுத்துள்ளது.

அறுவை மருத்துவத்திலும் மாறுதல்கள் பல. ஜப்பானிய மருத்துவர் இனோவே 1984இல் வெளியிட்ட முறையில், தொடைச் சிரையின் வழியே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி, ஒட்டிக்கொண்ட வால்வை விரிக்கின்றனர். மார்பைத் திறக்க வேண்டுவதில்லை. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய பலருக்கு இதுவே போதும். 2002இல் பிரெஞ்சு மருத்துவர் கிரிபியே குழாய் வழியாகவே புதிய வால்வு ஒன்றைப் பொருத்திக் காட்டினார். முதியோருக்கு இது வரப்பிரசாதம். ஆயினும், அவ்வகை வால்வின் இதழ்கள் விலங்குத் திசுவால் ஆனவை. இளைஞர் உடலில் அவை விரைவில் கெடும். இருபது வயதுப் பிள்ளைக்கு இன்னும் உலோக வால்வே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

உலோக வால்வு பொருத்தியவர் குருதி உறையாமைக்கான மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். இதனைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம். மாத்திரையை நிறுத்தினால் தட்டில் குருதி உறைந்து ஒட்டும்; கதவு நின்றுவிடும். மிகுதியாக உண்டாலோ குருதி கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் சோதனையை மருத்துவர் சொன்ன நாளில் தவறாது செய்துகொள்ள வேண்டும். இரவு ஷிப்ட், ஓவர்டைம், ஊர்த் திருவிழா என்று இச்சோதனை தள்ளிப்போவதை நம்மிடையே காண்கின்றோம். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுவோர் மாத்திரையைத் துணிப்பையில் முதலில் வைக்குக. கீரையை விலக்க வேண்டுவதில்லை. ஒரே அளவாக உண்டால் போதும். மூட்டு வலிக்கும் தலை வலிக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. பல் பிடுங்கச் சென்றால் வால்வு உள்ளதை முதலிற் கூறுக. வால்வு பொருத்திய பெண்கள் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இம்மாத்திரை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். திருமணப் பேச்சில் இதனை மறைப்பது அப்பெண்ணின் உயிரோடு விளையாடுவதாகும்.

தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாகக் குழந்தை படுத்தால், கஷாயத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுக. ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வர். பிள்ளை ஓடி ஆடுகிறதே என்று அதனை இடையில் நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஊசி போடும் நாளைக் குறித்து வைக்க நம் சங்கத்தின் நாட்காட்டியில் இடம் இருக்கிறது.