ஓரத்தில் உருகும் பனி



அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில், 3,000 மீட்டருக்கு மேலே உள்ள ஏரிகள் பல ஜூன் மாதத்திலும் உறைந்து கிடக்கும். கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து, ஓர் இரவு தங்கி ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள், ஏரி முழுவதும் உருகட்டும் என்று காத்திருப்பதில்லை. ஓடை வந்து சேரும் ஓரத்தில்தான் பனி முதலில் விலகும். இரை தேடி மீனும் அங்கே வரும். கரையில் நின்று அங்கேதான் தூண்டில் போடுகிறார்கள்.

ஆண்டுக்கணக்காய் நம்மோடு பேசாத அண்ணன், தம்பி உண்டு. மனம் முழுதும் மாறட்டும் என்று காத்திருக்கிறோம். போன மாதம் துக்க வீட்டில் அவர் "சாப்பிட்டாயா?" என்று கேட்டாரே, அதுதான் உருகிய ஓரம். இரவெல்லாம் வெறும் வலை இழுத்த பேதுருவிடமும் ஆண்டவர் மறுபடி வலை போடத்தான் சொன்னார். இந்த வாரமே அவர் வீட்டுப் படியேறுங்கள். பழங்கணக்கு பேச வேண்டாம். மீதிப் பனியை இறைவன் உருக்குவார். ஆமென்.